சொல்லாத ஆறரை

அன்று நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஓர் எண். ஆறரை. உன் விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, பக்கத்தில் இருந்த குழாயின் நிறத்தோடு ஒத்துவந்த இடத்தில் நிறுத்தி வாசித்தேன். ஒரு பெண்ணின் உடம்பில் இருக்கவேண்டிய இரத்தச் சத்தில் பாதிதான் உன்னிடம் இருந்தது. நீ மர வாங்கில் இருந்தபடி காலை ஆட்டிக்கொண்டு, "என்ன, என்ரை இரத்தம் எப்பிடி?" என்று கேட்டாய்.

"பிழையில்லை" என்றேன்.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். ஓர் ஆய்வுகூடத்தில் முறையாக வேலை பழகுகிறேன். இங்கே இரத்தம் சுற்றும் இயந்திரத்துக்குப் பொத்தான் இருக்கிறது. அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நேரம் முடிந்ததும் அதுவே ஓயத் தொடங்குகிறது. அந்த ஓய்கிற சத்தம் மட்டும் எங்கள் கைமெசினின் சத்தம்தான். இன்று காலை அது நின்றதும் மூடியைத் திறந்தேன். குழாயின் அடியில் சிவப்பு உறைந்து கிடக்க, மேலே அந்த மெல்லிய மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. யாரோ ஒரு வயோதிபரின் சீனிவருத்தத்துக்குப் பார்க்க எடுத்த இரத்தம். கையில் குழாயைப் பிடித்தபடி நான் நின்ற நேரம் கூடிப்போயிருக்கவேண்டும். கற்றுத்தருகிற அக்கா, "என்ன பிள்ளை, அதுக்குள்ளை ஆரைத் தேடுறீர்?" என்று கேட்டா.

உன்னைத்தான் தேடினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துணுக்காயில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்று வகுப்பறைகள்தான் அப்போது எங்கள் ஆஸ்பத்திரி. யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலிக் கடலேரியால் இடம்பெயர்ந்து வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டிய நான், சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு தொங்கிய அறையொன்றில் மலேரியாவுக்கு இரத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர்தான் எனக்கு நுணுக்குக்காட்டியில் பார்க்கப் பழக்கியவர். நீ தலையில் ஒரு துவாயைப் போட்டு முகத்தை மூடி, உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். காலை வெயிலே உனக்குத் தாங்கமுடியவில்லை. துவாயை விலக்கியதும் நான் பார்வையை வேறு பக்கம் திருப்பினேன். நீ அதைக் கவனித்துவிட்டாய்.

"பின்னேரச் சந்தையிலை விலைப்படாமல் கிடக்கிற மீன்ரை கண் மாதிரி இருக்கெல்லோ?" என்றாய்.

அதுதான் நீ என்னோடு கதைத்த முதல் கதை.

மலேரியாவுக்கு எங்கோ கொடுத்த குளிசை உனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. உடம்பெல்லாம் கொப்பளித்துத் தோல் உரிந்தது. இருபது நாள் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். தோல் திரும்ப வந்தது. கண்ணீர் திரும்ப வரவில்லை. இமைகள் தழும்பு விழுந்து சுருங்கியதால் நித்திரையிலும் உன் கண் முழுதாக மூடாது என்று அம்மா சொன்னார். "தூங்குறப்பவும் பாதிக் கண்ணு தொறந்தே கெடக்குங்க டாக்டரய்யா. ஈரத்துணி போட்டு மூடிவிடுறேன்." அவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் உன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தவர். இருபது வருடமாகியும் அவர் கதையில் மலைநாடு அப்படியே இருந்தது. நீயோ எங்களைப்போலவே கதைத்தாய். கோபம் வந்தால் மட்டும் அம்மாவின் பாஷை வரும்.

டொக்டர் உன் கண்ணை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: "கறுப்பு முழியிலை புண் தொடங்கீட்டுது. தண்ணித்தன்மை இல்லாமல் இப்பிடியே விட்டால் வருசம் திரும்ப முதல் பார்வை போயிடும். கொழும்புக்கு அனுப்பவேணும். போக விடுற பாஸ் எப்ப கிடைக்குமோ தெரியாது." கண்ணீருக்குப் பதிலாக விடும் சொட்டு மருந்தை அவர் ஒவ்வொரு பட்டியலிலும் எழுதி அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அது வவுனியாவில் இராணுவத்தால் வெட்டுப்பட்டுத் திரும்பியது. தகப்பன் இல்லாத வீட்டில் வயலைப் பார்த்தவள் நீ. கண் போனால் அந்த இரண்டு ஏக்கரும் போகும் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் அந்த யோசனையைச் சொன்னபோது நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

படிக்கிற காலத்தில் அவருடைய பேராசிரியர் ஒருவர் சொன்னதாம். இரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிகிற நீரில், கண்ணீரில் இருக்கிற சத்துகள் பலவும் இருக்கின்றன. அதை உப்புநீரில் கலந்து கண்ணுக்குச் சொட்டாக விடலாம். "நான் செய்ததில்லை. செய்து பாப்பம்" என்றார். உன் இரத்தத்தை எடுத்து இரண்டு மணித்தியாலம் உறைய விடவேண்டும். பிறகு சுற்றவேண்டும். மேசை விளிம்பில் திருகி இறுக்கி, கைபிடியால் சுற்றுகிற எங்கள் மெசினைக் கண்டதும் நீ சிரித்தாய்.

"இது தேங்காய் துருவுறதெல்லோ!"

"கையை வைச்சுப் பாரும், துருவும்" என்றேன்.

கால் மணித்தியாலம் விடாமல் ஒரே வேகத்தில் சுற்றவேண்டும். என் கை ஓய்ந்தால் நீ பிடிப்பாய்; கண்ணை மூடிக்கொண்டு, நெல்லுக் குத்துகிறவள் மூச்சுவிடுகிற மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு சுற்றுவாய். தெளிந்த நீரை ஊசியால் உறிஞ்சி, ஒரு பங்குக்கு நாலு பங்கு உப்புநீர் சேர்த்து, அவித்துக் காயவைத்த சின்னச் சொட்டுப் போத்தல்களில் அடைப்போம். தடுப்பூசி மருந்து வைக்கும் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியில் ஒரு மூலை உன்னுடையதானது. கிழமைக்கு ஒரு போத்தல் நீ கொண்டுபோகலாம். வீட்டில் ஈரமணல் நிரப்பிய முட்டிக்குள் அதைப் புதைத்து வைத்தாய். மணல் காய்ந்தால் மருந்து பழுதாகும் என்று, வயலால் வந்ததும் முதல் வேலையாக முட்டிக்குத் தண்ணீர் தெளிப்பாயாம். "பிள்ளைத்தாச்சிக்கும் இப்பிடிப் பாக்கமாட்டன்" என்று சொன்னாய்.

முதல் போத்தலை நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது நினைவிருக்கிறது. "எங்கட அம்மா ஊத்துற தேத்தண்ணி மாதிரி இருக்கு. ஒரே தூளிலை மூண்டாம் தரம் ஊத்தினால் இந்த நிறம்தான் வரும்."

மூன்றாவது கிழமை நீ துவாய் இல்லாமல் வந்தாய். சைக்கிளை வேம்பின் கீழ் சாத்திவிட்டு, வெயிலுக்குள் நின்றபடி, என் அறை யன்னலைப் பார்த்து, "ஏய் இரத்தக்காரி! உனக்கு மூக்குத்தி இருக்கெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லையே!" என்று கத்தினாய். வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லோரும் என் மூக்கைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நமக்குள் 'நீர்', 'நீங்கள்' எல்லாம் போய்விட்டது.

உன் கண்ணீரைப் பற்றி ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது. உன் சித்தப்பா செத்த வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது உன் கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை. அவர்தான் உன்னைத் தோளில் வைத்து வளர்த்தவர். "கல்லு மாதிரி இருக்கிறாள் பார்" என்று ஒருத்தி சொன்னது உன் காதில் விழுந்தது. அடுத்த கிழமை வந்து அதை என்னிடம் பகிடியாகச் சொன்னாய். "மருந்துப் போத்தலைக் கொண்டுபோயிருக்கலாம். ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போய்ப் பிரேதத்துக்குப் பக்கத்திலை இருந்திருந்தால் மரியாதையாய் இருந்திருக்கும்." சிரித்தாய். பிறகு, மெசினின் கைபிடியைப் பிடித்துக்கொண்டாய். "அழேக்கை கண் எரியுது, தெரியுமோ? உள்ளுக்கை எல்லாம் வருது. வெளியிலை வர வழியில்லை."

நான் நிறையப் புத்தகம் வாசிக்கிறவள் என்று நீ அடிக்கடி குத்திக்காட்டுவாய். துக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதை வாசித்திருக்கிறேன். உன்னுடைய அந்த ஒரு வாக்கியம் அவற்றில் எதிலும் இருக்கவில்லை. கைபிடியை வாங்கிச் சுற்றத் தொடங்கினேன்.

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டுக் கோப்பையைப் பற்றி.

மழை பெய்த ஒரு நாள் உன்னை எங்கள் கொட்டிலுக்குக் கூட்டிப்போனேன். என் அம்மா உன்னை வரவேற்று, இருந்த ஒரே கதிரையை இழுத்துப்போட்டு, உன் கண்ணைப் பற்றி அன்பாகத்தான் விசாரித்தார். தேத்தண்ணீர் வந்தது. எனக்கும் அம்மாவுக்கும் கண்ணாடிக் கிளாசில். உனக்கு விளிம்பு உதிர்ந்த எனாமல் கோப்பையில். குசினிக்கு வெளியே, தறப்பாள் மடிப்பில் தனியாகச் செருகி வைத்திருந்த கோப்பை அது. யாழ்ப்பாணத்தில் அலுமாரியையும் கட்டிலையும் ஐந்நூறு புத்தகங்களையும் விட்டுவிட்டு வந்த வீட்டில், அந்தப் பழக்கம் மட்டும் கைவிடப்படாமல் வந்து சேர்ந்திருந்தது. நீ குடித்தாய். நல்ல தேத்தண்ணி என்றாய். குடித்து முடிந்ததும் நீயே கிணற்றடிக்குப் போய்க் கோப்பையைக் கழுவி, எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு வந்தாய். உனக்கு எப்படி அந்த இடம் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் சொன்னாய்: "உங்கட வீட்டிலை எனக்கெண்டு ஒரு கோப்பையே வைச்சிருக்கினம். பெரிய மரியாதை. அடுத்த முறை என்ரை பேரையும் எழுதிவிடச் சொல்லு."

அதற்கும் நான் பேசவில்லை. அம்மாவிடமும் பேசவில்லை. என் சுபாவம் அப்படி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அந்தப் பகிடி. ஒரு மாதம் இரத்தம் எடுக்கும்போது உன் கையில் நரம்பு பிடிபடவில்லை. டொக்டர் இரண்டு தடவை குத்திவிட்டு, "உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே குறூப் இரத்தம்தான். இந்த முறை இவவிட்டை எடுப்பமோ?" என்று என்னைக் காட்டினார்.

நீ கையை நீட்டியபடியே சிரித்தாய். "ஐயோ டொக்டர், அவையின்ரை வீட்டிலை கோப்பையே எனக்கு வேறை. இரத்தம் மட்டும் ஒண்டோ? இவவின்ரை அம்மா அறிஞ்சால் இந்தப் பிள்ளையைக் கிணத்தடியிலை நிப்பாட்டித் தலையிலை ஊத்துவா."

டொக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு நீ மெதுவாக, பகிடி இல்லாமல் சொன்னாய்: "வேண்டாம் டொக்டர். என்ரை கண்ணை என்ரை இரத்தத்தாலை பாத்துக்கொள்ளுறன். ஆரின்ரை உதவியும் இல்லாமல் எனக்கெண்டு கிடைச்சது இது ஒண்டுதான்."

அடுத்த மாதம் டொக்டர் மருந்துக்கு அனுமதி எடுக்க வவுனியாவுக்குப் போனார். திரும்பி வரப் பாஸ் கிடைக்காமல் மூன்று மாதம் அங்கேயே நின்றுவிட்டார். போகும்போது என்னிடம் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "எடுக்க முதல் ஒவ்வொரு முறையும் சத்தைப் பாரும். ஒன்பதுக்குக் கீழை போனால் எடுக்கக்கூடாது. அவவுக்கும் சொல்லவேணும்."

அப்போதுதான் ஆறரை வந்தது. அதற்கு முந்திய மாதங்களில் உனக்கு இரண்டு தடவை மலேரியா வந்து போயிருந்தது. நாங்களும் மாதா மாதம் எடுத்துக்கொண்டிருந்தோம். வயலில் வேலை, வீட்டில் ஒருநேரச் சோறு. அந்த எண்ணில் வியப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் இரத்தம் எடுக்க முடியாது. மருந்து நிற்கும். ஒரு மாதத்தில் கறுப்பு முழியில் புண் திரும்ப வரும். என்னுடையதை எடுக்கலாம் என்று கேட்டால் நீ மறுப்பாய். ஏன் மறுப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் என்னால் கேட்கவே முடியவில்லை.

"பிழையில்லை" என்று சொல்லிவிட்டு, உன் கையில் இருந்து ஒரு சின்ன ஊசியளவு மட்டும் எடுத்தேன்.

"இவ்வளவும் காணுமோ?" என்றாய்.

"மெசினுக்கு எண்ணெய் விட்டிருக்கு. இப்ப நல்லாப் பிரியுது. கொஞ்சம் காணும்."

"பார், மெசினுக்கும் என்னிலை இரக்கம் வந்திட்டுது" என்று சொல்லிக்கொண்டு, போன மாதம் செய்ததில் மிஞ்சிய போத்தலை எடுத்துக்கொண்டு போனாய். உன் சைக்கிள் மறைந்த பிறகு கதவைச் சாத்தி, றப்பர் பட்டியின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, என் இடது கையில் நானே ஊசி ஏற்றினேன். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். தனியாகச் சுற்றினேன். தெளிந்த நீர் உன்னுடைய அதே நிறத்தில்தான் இருந்தது. அதைப் பார்க்க எனக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. எங்கள் வீட்டுக் கோப்பையை யாருக்கும் தெரியாமல் கழுவிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். உனக்குத் தெரியாமல் உனக்குச் செய்கிற அந்த உதவியில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகம் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

இரும்புச்சத்துக் குளிசை ஒரு பை நிறையக் கொடுத்தேன். இரத்தத்துக்கு என்று சொன்னால் கேள்வி வரும் என்பதால், கண்ணுக்கான விட்டமின் என்றேன். அடுத்த கிழமை, "குடிச்சியோ?" என்று கேட்டேன்.

"வயித்தைப் பிரட்டுது. விட்டமின்தானே எண்டு கோழிக்குப் போட்டனான். அது இன்னும் முட்டை இடேல்லை. ஆனால் கண் நல்லாத் தெரியுது போல, கூட்டுக்குள்ளை பிடிக்கப் போனால் ஓடுது."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு பை கொடுத்தேன்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. உன் கண் அந்த இரண்டு மாதம் தெளிவாக இருந்தது. என் மேசையில் கிடந்த புத்தகத்தைத் தூக்கி, எழுத்துக்கூட்டாமல் ஒரு பக்கத்தை உரத்து வாசித்துவிட்டு, "இதிலை என்னத்தைக் கண்டு நீ அழுறனீ?" என்று கேட்டாய். குளக்கட்டு ஏற்றத்தில் நீ சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு வருவதை யன்னலால் பார்த்தேன். முன்பு நீ அந்த ஏற்றத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை. "வெயில்" என்றாய். வெயில்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன். உன் உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. டொக்டர் வந்துவிடுவார், வந்ததும் அவரே சொல்லட்டும் என்று நாள் எண்ணினேன்.

பிறகு ஒரு புதன்கிழமை கிழக்கே ஒரு குடியிருப்பில் செல் குண்டு விழுந்தது. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வயல் வழியெல்லாம் இரத்தம் கேட்டுக்கொண்டு போனது. நான் காயக்காரருக்கு இரத்த வகை பார்க்கிற வேலையில் பகல் முழுக்க நிமிரவில்லை. வீதியோரம் எங்கெங்கே இரத்தம் எடுக்கிறார்கள், யார் யார் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை நீ மருந்துக்கு வந்தாய். உன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆனால் அப்படி ஒரு மலர்ச்சியை நான் உன்னிடம் கண்டதில்லை. மடியில் இருந்து ஒரு பிஸ்கற் பைக்கற்றை எடுத்து என் மேசையில் வைத்தாய்.

"என்ன இது?"

"சம்பளம். நானும் குடுத்தனான்."

"என்னத்தை?"

"இரத்தம். வேறை என்னத்தை, வயலையோ? சந்தியிலை வாங்கு போட்டு எடுத்தவை. 'தங்கச்சி, இரத்தம் குறைவெண்டு ஆரும் சொன்னவையோ' எண்டு ஒரு அண்ணை கேட்டவர். 'மாசா மாசம் என்ரை இரத்தத்தைப் பாத்துத்தான் எடுக்கினம், ஒருநாளும் குறைவெண்டு சொன்னதில்லை' எண்டனான். பிறகென்ன, உடனை குத்தினவர். ஒரு முழுப் பை!" கைமடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைத் தொட்டுக் காட்டினாய். "இப்ப ஆருக்கோ என்ரை இரத்தம் ஓடுது. அவையின்ரை வீட்டிலை எனக்கு எந்தக் கோப்பையோ!"

நான் எழுந்து நின்றது நினைவிருக்கிறது. "விரலைக் காட்டு" என்றேன்.

"போடி. நேற்றுத்தானே பை கணக்கா எடுத்தவை. இண்டைக்கும் குத்தப்போறியோ?"

"காட்டு எண்டெல்லோ சொல்லுறன்."

"வயலிலை நெல்லுச் சூடடிப்பு நடக்குது. அம்மா தனிய. மருந்தைத் தா, நான் போகவேணும்."

அந்த அறையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ஒரு கிழமைக்கு வயலுக்குப் போகாதை" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். "இரத்தம் குடுத்தாக்கள் அப்பிடித்தான் இருக்கவேணும்" என்றேன். குளிர்ப்பெட்டியைத் திறந்து புதுப் போத்தலைத் தந்தேன். நீ அதை முந்தானையில் முடிந்துகொண்டு, வாசலில் திரும்பி, "பிஸ்கற்றை அம்மாவோடை சாப்பிடு. நான் தந்ததெண்டு சொல்லு" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்து, உன் அம்மாவையும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்வது என்று முடிவு செய்தேன். என்னென்ன வார்த்தையில் சொல்வது என்று மூன்று நாளும் மனதுக்குள் எழுதி எழுதி அழித்தேன். நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு கெட்ட பழக்கம்.

இங்கே, வவுனியாவில், முடிவுகளைத் துண்டில் எழுதி மடித்து நோயாளியின் கையில் கொடுப்பதுதான் முறை. விளங்கப்படுத்துவது டொக்டர்மாரின் வேலை. நான் கொடுக்கும்போது எண்ணை வாயால் சொல்லிவிடுகிறேன். "அம்மா, உங்களுக்கு எட்டு இருக்கு. பன்னிரண்டு இருக்கவேணும். இரத்தம் குறைவு. ஆர் கேட்டாலும் குறைவெண்டு சொல்லுங்கோ." இதற்காக இரண்டு தடவை பேச்சு வாங்கியிருக்கிறேன். கற்றுத்தருகிற அக்கா, "உமக்கென்ன, ஏலம் கூறுற ஆள் மாதிரி" என்கிறா. சிலர் பயந்துபோகிறார்கள். ஒரு கிழவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். ஆனாலும் எண்ணைச் சொல்லாமல் அந்தத் துண்டு என் கையை விட்டுப் போவதில்லை. எங்கள் வீட்டில் எனாமல் கோப்பை இப்போது இல்லை. அம்மாவிடம் ஒருநாள் நடந்ததை முழுதும் சொன்னேன். அவர் எழும்பிப் போனார். அடுத்த நாள் கோப்பை செருகியிருந்த இடம் வெறுமையாக இருந்தது. எங்கே என்று நான் கேட்கவில்லை. மருந்துக்கடைகளில் கண்ணீருக்குப் பதிலான சொட்டு மருந்து பெட்டி பெட்டியாக இருக்கிறது. நான் அந்தத் தட்டுப் பக்கம் பார்ப்பதில்லை.

ஞாயிறு காலை நான் சைக்கிளில் உன் வீட்டுப் படலைக்கு வந்தபோது உனக்கு வெள்ளிக்கிழமையில் இருந்தே காய்ச்சல் என்று உன் அம்மா சொன்னார். நீ பாயில் கிடந்தாய். நடுக்கம் நின்று மூச்சு மட்டும் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. உதடும் நகமும் கடதாசி நிறம். அயலில் ஓர் உழவு இயந்திரம் பிடித்து, பெட்டியில் வைக்கோல் பரப்பி உன்னை ஏற்றினோம். உன் தலை என் மடியில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணித்தியால வழி. போய்ச் சேர்ந்ததும் என் கையை நீட்டுவேன், எல்லோருக்கும் முன்னால், உன் அம்மாவுக்கு முன்னால், என் இரத்தத்தை எடுக்கச் சொல்வேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மா ஒரேயொரு தடவை என்னைப் பார்த்து, "மாசா மாசம் ரத்தம் பாத்தீங்களே புள்ள, ஒண்ணும் இல்லேன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார்.

பாதி வழியில், ஒரு மதகு தாண்டிய இடத்தில், நீ இறந்துபோனாய். இயந்திரத்தைத் திருப்பினோம்.

உன்னைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திக் கிடத்திய பிறகும் உன் கண் மூடவில்லை. வெற்றிலையை நனைத்து வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அம்மா குசினிக்குள் போய் ஈரமணல் முட்டிக்குள் கைவிட்டு அந்தப் போத்தலை எடுத்துவந்து என்னிடம் தந்தார். வியாழக்கிழமை நான் தந்த போத்தல்; அதில் பாதி மிச்சமிருந்தது. "கண்ணு காஞ்சி கெடக்கு. நீயே ஊத்திவிடு புள்ள" என்றார்.

நான் இரண்டு கண்ணிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். அது வழிந்து உன் காது வரைக்கும் ஓடியது. சுற்றியிருந்த பெண்கள் அதைப் பார்த்து இன்னும் உரத்து அழுதார்கள். பிறகு உன்னைத் தூக்கினார்கள்.